டர்போ காரில் சென்சாரைக் கழற்றும் முன்

டியூனிங் சரியில்லாமல் பிஸ்டன் உருகிப்போனால் அந்தச் செலவை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்காது. வழக்கமான மோட்டார் பாலிசியின் சொந்தச் சேதப் பிரிவு விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்கானது. இயந்திரக் கோளாறும் மின்கோளாறும் அதில் வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கின்றன. கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கும் எஞ்சின் பாதுகாப்புகூட பெரும்பாலும் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுவது, ஆயில் கசிவது ஆகியவற்றோடு நின்றுவிடும். கார் கம்பெனியின் வாரன்டியும் கைவிடும். மிஞ்சுபவர் வேலையைச் செய்த டியூனர் ஒருவர்தான். அவர் கொடுத்த காகிதம் நம் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே நம் உரிமை நிற்கும். மற்ற டியூனிங் வேலைகளைவிட ஸ்பீடு டென்சிட்டி மாற்றத்துக்கு இது அதிகமாகப் பொருந்தும். ஏன் என்று புரிய, அந்த வேலை என்னவென்று முதலில் பார்த்துவிடலாம்.

எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறதோ அதற்கேற்பத்தான் எஞ்சினை நடத்தும் கணினியான ஈ.சி.யூ. பெட்ரோல் விடும். பல டர்போ கார்களில் அந்தக் காற்றை அளப்பது ஏர் ஃபில்டரை அடுத்துள்ள எம்.ஏ.எஃப். சென்சார். உள்ளே ஒரு சூடான கம்பி. கடந்துபோகும் காற்று அதைக் குளிர்விக்கும். மறுபடி சூடாக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து காற்றின் எடை நேரடியாகத் தெரிந்துவிடும். பெரிய டர்போ மாட்டும்போது இங்கே சிக்கல் வருகிறது. காற்று மிகுந்து சென்சாரின் சிக்னல் 5 வோல்ட் உச்சியைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் ஈ.சி.யூ.வுக்கு எதுவும் தெரியாது. அதனால் எம்.ஏ.எஃப்.பைக் கழற்றிவிட்டு, இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தைச் சொல்லும் எம்.ஏ.பி. சென்சார், காற்றின் வெப்பத்தைச் சொல்லும் சென்சார், எஞ்சின் சுழலும் வேகம் ஆகிய மூன்றையும் வைத்துக் காற்றின் எடையைக் கணக்குப் போட வைக்கிறார்கள். இதுதான் ஸ்பீடு டென்சிட்டி. 2004-ல் நம் நாட்டுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்.ஸின் 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ எஞ்சின் எம்.ஏ.எஃப். உள்ளது, உலகெங்கும் பெரிய டர்போ மாட்டப்படும் எஞ்சின்களில் ஒன்று.

ஆனால் கணக்கு முடிய இன்னொன்று வேண்டும். ஒவ்வொரு வேகத்திலும் ஒவ்வொரு அழுத்தத்திலும் சிலிண்டர் உண்மையில் எத்தனை சதவீதம் நிறைகிறது என்ற அட்டவணை. அதை டைனோ என்ற சோதனை மேடையில் காரை ஓட்டி ஓட்டி டியூனர் கையால் நிரப்புகிறார். அதாவது, ஒரு கருவி நேரில் அளந்துகொண்டிருந்ததை இனி ஒரு மனிதரின் மதிப்பீடு சொல்லும். நல்ல டியூனரிடம் இது அருமையாக வேலை செய்யும் முறை. பல கார் கம்பெனிகளே இதைப் பயன்படுத்துகின்றன. ஆபத்து, அரைகுறையாக நிரப்பிய அட்டவணையில்தான் இருக்கிறது.

மே மாதச் சென்னையில் சிக்னலில் நிற்கும் ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். பானட்டுக்குக் கீழே சூடு ஏறி, மேனிஃபோல்டில் பதித்த வெப்ப சென்சாரும் சூடேறிவிடுகிறது. உள்ளே வரும் காற்று 40 டிகிரி; சென்சார் சொல்வது 60. சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு என்பதால் ஈ.சி.யூ. பெட்ரோலை ஏறத்தாழ 6 சதவீதம் குறைத்துவிடும். எம்.ஏ.எஃப். இருந்திருந்தால் காற்றின் எடையை நேரடியாக அளந்திருக்கும். இப்படி ஏமாந்திருக்காது. இதற்கு ஈடுகட்டும் திருத்த அட்டவணையை எல்லா டியூனரும் பொறுமையாகப் போடுவதில்லை. குளிரூட்டிய அறையில் காலை நேரத்து டைனோவில் அந்தப் பிழை தெரியவும் தெரியாது.

அதே திசையில் இன்னொரு பிழையும் சேரும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் ஒரு பங்கு எரிபொருளுக்குச் சுமார் 14.1 பங்கு காற்று போதும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீதக் கலவையில் அது சுமார் 13.5. அதே காற்றுக்கு 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். நிதானமாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் இதைச் சரிசெய்துவிடும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது பல பழைய கார்களில் அந்தத் திருத்தம் நடக்காது, ஈ.சி.யூ. அட்டவணையை மட்டுமே நம்பும். இரண்டு பிழையும் கூடினால் 10 சதவீதப் பற்றாக்குறை. டர்போ தரும் அழுத்தமான பூஸ்ட் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பெட்ரோல் அவ்வளவு குறைந்தால், கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும் நாக்கிங் தொடங்கும், பிஸ்டன் தலையில் வெப்பம் ஏறும், ரிங் உடையும். வண்டி டியூன் செய்யப்பட்டது பழைய கலவையிலா, புதியதிலா என்று கேட்பது அதனால்தான் முக்கியம்.

ஓர் அறிவுரை இதோடு சேர வேண்டும். ஸ்பீடு டென்சிட்டி செய்த பிறகு சைலன்சர், கேம், டர்போ, இன்டர்கூலர் எதை மாற்றினாலும் சிலிண்டர் நிறையும் அளவு மாறும். அட்டவணையையும் திருத்த வேண்டும். எம்.ஏ.பி. சென்சாரின் எல்லையும் போதுமானதாக இருக்க வேண்டும். 2.5 பார் சென்சார் வளிமண்டல அழுத்தத்துக்கு மேலே 1.5 பார் பூஸ்ட் வரைதான் பார்க்கும்.

யாருக்கு இது வேண்டவே வேண்டாம்? இப்போது விற்கும் பல சிறிய டர்போ பெட்ரோல் கார்களில் எம்.ஏ.எஃப். சென்சாரே கிடையாது, அவை பிறக்கும்போதே அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுபவை. அந்தக் காருக்கு 'ஸ்பீடு டென்சிட்டி கன்வெர்ஷன்' என்று தனிக் கட்டணம் கேட்டால், காரில் ஏற்கெனவே இருப்பதையே திரும்ப விற்கிறார்கள். டீசல் கார்களில் புகையைத் திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். அமைப்பை நடத்த எம்.ஏ.எஃப். தேவை, அதைப் பிடுங்குவது பக்கத்தில் வருகிறவரின் நுரையீரலில் போய் முடியும்.

இனி சட்டம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகவே வாசித்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "ஆர்.சி.யில் எம்.ஏ.எஃப். பற்றி ஒரு வரியும் இல்லையே, இது வெறும் சாஃப்ட்வேர்" என்று டியூனர்கள் சமாதானம் சொல்வார்கள். அதை நம்பி இறங்குவது சரியல்ல என்பது என் கருத்து. காற்று மாசு, இரைச்சல் தரங்களை மீறி ஓட்டுவதை 190(2) பிரிவு ஆர்.சி.யைப் பார்க்காமலேயே தண்டிக்கிறது: முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பு. கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் சேர்த்துக் கழற்றியவர் இதில் நேராக மாட்டுவார். பி.எஸ். 4-க்குப் பிந்தைய பெட்ரோல் காரின் புகைச் சோதனையில் ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அட்டவணையின் கீழ்ப்பகுதியைச் சரியாக நிரப்பாத கார் அங்கேயே தோற்கும்.

இந்த மாற்றத்துக்கு உரிய இடம் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை டிராக் போன்றவை. லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டிவிட்டு வரும் காருக்குத்தான் இது பொருந்தும். அங்கும் ஒன்று நினைவிருக்கட்டும்: போட்டிப் பந்தயம், வேகச் சோதனை இரண்டையும் சாதாரண பாலிசி விலக்குகிறது.

டீலர் வாரன்டியை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மறுக்க அவர்களுக்கு நியாயம் உண்டு. ஈ.சி.யூ.வில் பழைய சாஃப்ட்வேர் ஃபைலைத் திரும்ப ஏற்றிவிட்டுப் போனாலும் பல கம்பெனிகளின் கருவி கண்டுபிடித்துவிடும். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் டியூனிங்கைக் காட்டும் டிடி1 என்ற குறி விழுந்துவிட்டால் அது மத்தியப் பதிவிலேயே நிற்கும். ஆனால் பவர் விண்டோவுக்கும் டியூனிங்குக்கும் தொடர்பில்லை. அதையும் மறுத்தால் எதிர்த்துக் கேட்கலாம். விபத்து க்ளெய்மிலும் இப்படித்தான். மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காதது நம் தவறு. ஆனால் நிபந்தனை மீறப்பட்டால் க்ளெய்ம் முழுவதும் போய்விடும் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதற்கு 2010-ல் உச்ச நீதிமன்றம் அமலேந்து சாஹூ வழக்கில் ஒரு பகுதித் தொகையை வழங்கச் சொன்னது முன்னுதாரணம். கம்பெனியிடம் முறையிட்டு ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு.

டியூனரிடம் வேலை கொடுக்கும்போதே கேட்டு வாங்க வேண்டியவை: ஜி.எஸ்.டி. பில், அதில் என்ன கழற்றினார் என்ன மாட்டினார் என்ற விவரம், காரின் அசல் ஃபைலின் நகல், டைனோவில் எடுத்த காற்று-எரிபொருள் விகிதமும் நாக் பதிவும், எந்தப் பெட்ரோலுக்கு டியூன் செய்தார் என்ற ஒரு வரி. பில் தர மறுப்பதையே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகமாகக் கருதுகிறது. பில்லின் அடியில் 'எஞ்சினுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று முத்திரை குத்தியிருப்பார்கள். கவனக்குறைவாகச் செய்த சேவைக்கு அந்த முத்திரை மட்டும் கேடயமாகாது. "சட்டம் அனுமதிக்காத வேலையை நீங்களே கேட்டீர்கள்" என்ற வாதம் வரலாம். சாலையில் ஓடும் காரென்றால் அந்த வாதத்துக்கு வலுவும் உண்டு. அதை எதிர்பார்த்தே முடிவெடுங்கள்.

எஞ்சின் போய்விட்டால் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். டியூனருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, அவர் முன்னிலையிலோ, வராவிட்டால் ஒரு தகுதியுள்ள ஆட்டோமொபைல் பொறியாளர் முன்னிலையிலோ பிரித்து, படமெடுத்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். ஈ.சி.யூ.வில் அப்போது இருக்கும் ஃபைலையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாரும் அதன்மேல் புதிதாக ஏற்றிவிட்டால் சாட்சி அழிந்துவிடும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். டியூனர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் வரையென்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

பழைய டர்போ கார் வாங்குபவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். தனிநபரிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையம் உதவாது. சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். யூஸ்டு கார் டீலரிடம் வாங்கினால் ஆணையத்துக்கு வழி உண்டு. இரண்டிலும் விற்பனைக் கடிதத்தில் 'எஞ்சினிலோ ஈ.சி.யூ.விலோ மாற்றம் செய்யப்படவில்லை' என்று எழுதி விற்பவரின் கையெழுத்தை வாங்குங்கள். எழுதத் தயங்கினால், பணம் கொடுக்கும் முன் டீலர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.