அகத்தியர் மலைக்கு மூன்று நாள் நடை

திருவனந்தபுரம் கடற்கரை நகரம். ஆனால் அந்த மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் 1,868 மீட்டர் உயரமுள்ள மலை ஒன்று நிற்கிறது. மலையாளத்தில் அதன் பெயர் அகஸ்தியார்கூடம். தமிழர்கள் அதை அகத்தியர் மலை என்பார்கள், பொதிகை மலை என்பார்கள். தமிழுக்கு இலக்கணம் தந்ததாகச் சொல்லப்படும் அகத்திய முனிவர் அங்கே தவம் செய்தார் என்பது நம்பிக்கை.

இந்த மலைக்கு இரண்டு முகங்கள். கிழக்கு முகம் தமிழ்நாடு. அங்கே பெய்யும் மழை தாமிரபரணியாகத் திருநெல்வேலிச் சீமைக்குப் பாய்கிறது. மேற்கு முகம் கேரளம். நெய்யாறும் கரமனையாறும் இந்த மலைத்தொடரில் பிறந்து அரபிக் கடலுக்குப் போகின்றன. கரமனையாற்றின் குறுக்கே பேப்பாறையில் 1983இல் அணை கட்டினார்கள். திருவனந்தபுரத்துக் குழாய்களில் வரும் குடிநீர் அந்த ஆற்றுத் தண்ணீர்தான். மலையைப் பார்க்காதவர்களும் தினமும் மலைத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

இந்த மலை உச்சிக்கு நடந்து போய்வர மூன்று நாள் ஆகும். வண்டி போகாது. ஆண்டு முழுவதும் போகவும் முடியாது. தை பிறக்கும் சமயத்தில், ஜனவரி நடுவில், கேரள வனத்துறை வழியைத் திறக்கும். மார்ச் வாக்கில் மூடிவிடும். மற்ற மாதங்களில் மழையும் ஆற்று வெள்ளமும் ஆளை விடாது. அட்டைகளும் சும்மா இருக்காது. தமிழ்நாட்டுப் பக்கம் முண்டந்துறை புலிகள் காப்பகம் இருக்கிறது. அதனால் தமிழ்நாட்டுப் பக்தர்களும் திருவனந்தபுரம் வந்துதான் மலை ஏறுகிறார்கள்.

முன்கூட்டியே பெயர் பதிவு செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. உடல் தகுதிக்கு மருத்துவரின் சான்றிதழ் கேட்கிறார்கள். பிளாஸ்டிக், மது இரண்டுக்கும் தடை. காட்டில் தீ மூட்டக் கூடாது.

முதல் நாள்

நெடுமங்காடு, விதுரை வழியாகப் பேருந்து போனைக்காடு போகும். சுமார் 60 கிலோமீட்டர். போனைக்காடு ஒரு காலத்தில் செழிப்பான தேயிலைத் தோட்டம். பிறகு தோட்டம் நொடித்துப்போனது. தொழிற்சாலை மூடப்பட்டது. துருப்பிடித்த இயந்திரங்களும் ஒழுகும் லயங்களும் மிஞ்சின. வேலை போன பிறகும் பல தொழிலாளர் குடும்பங்கள் லயங்களை விட்டுப் போகவில்லை. போக வேறு இடம் இல்லை. மலை ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வீடுகளைப் பார்க்காமலே நடந்துவிடுகிறார்கள்.

வனத்துறைச் சாவடியில் பெயர் சரிபார்க்கப்படும். பையைத் திறந்து பார்ப்பார்கள். பிறகு சிறு சிறு குழுக்களாக வழிகாட்டியோடு அனுப்புவார்கள். வழிகாட்டிகளில் பலர் காணிகள்.

காணிகள் யார்? இந்த மலையின் பழங்குடிகள். மலையின் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். கேரளத்தில் கோட்டூர், விதுரை, பெரிங்ஙமலைப் பகுதிகளில் காடு ஒட்டிய ஊர்களில் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டில் பாபநாசத்துக்கு மேலே வாழ்கிறார்கள். அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். ஊர்த் தலைவரை மூட்டுக்காணி என்பார்கள். வைத்தியமும் மந்திரமும் தெரிந்தவர் பிலாத்தி. கோடு கிழித்து இரண்டு மாநிலம் ஆக்கியதற்கு வெகு காலம் முன்பே அவர்களுக்கு இது ஒரே மலை.

வழியில் கரமனையாறு, வாழைப்பைத்தியாறு, அட்டையாறு என்று ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அட்டையாறு வரை பெரும்பாலும் மர நிழல். அதன் பிறகு புல்வெளி. ஏழு மடக்குத் தேரி என்று பெயர். ஏழு மடிப்பாக மேடு ஏறி இறங்கும். வெயில் நேராகத் தலையில் விழும். அதையும் தாண்டினால் முட்டிடிச்சான். முட்டு என்றால் மலையாளத்தில் முழங்கால். ஏறும்போது முழங்கால் நெஞ்சில் இடிக்குமாம். பெயர் வைத்தவர் ஏறிப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் புதிதாக வந்தவர்களுக்கு மூச்சு வாங்கும். வேகமாக ஏறி, நின்று, மறுபடி வேகமாக ஏறுவதுதான் காரணம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். காணிகள் அப்படித்தான் நடப்பார்கள். சிறிய அடி வைப்பார்கள். நிற்க மாட்டார்கள்.

களைப்பு தெரியாத இந்த நடையிலிருந்துதான் ஒரு பெரிய கதை தொடங்கியது.

ஒரு காயும் ஒரு ஒப்பந்தமும்

1987ஆம் ஆண்டு. தாவர விஞ்ஞானி பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு குழு இந்தக் காடுகளில் ஆய்வுக்கு நடந்தது. வழிகாட்ட காணிகள் உடன் சென்றார்கள். விஞ்ஞானிகள் களைத்துப்போனார்கள். காணிகள் களைக்கவில்லை. வழியெல்லாம் ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டே போனார்கள். விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார்கள். தின்றவர்களுக்குத் தெம்பு வந்தது.

அது என்ன செடி என்று கேட்டார்கள். காணிகள் முதலில் சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாத விஷயம் அது. வற்புறுத்திக் கேட்ட பிறகே செடியைக் காட்டினார்கள். நிழலில், ஈரமண்ணில் வளரும் சிறு செடி. ஆரோக்கியப்பச்சை என்று பெயர்.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அந்தச் செடியைச் சோதித்தது. இலையிலும் களைப்பு நீக்கும் சத்து இருந்தது. அதோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு அதைத் தயாரிக்கும் உரிமை 7 ஆண்டுக்குக் கொடுக்கப்பட்டது. உரிமைக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையிலும் 100 ரூபாய்க்கு 2 ரூபாய் தர வேண்டும். இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது.

அந்தக் காலத்தில் இது புதிது. காட்டு மக்களிடம் மூலிகை ரகசியத்தைக் கேட்டு, மருந்து செய்து, லாபம் பார்த்தவர்கள் உலகில் ஏராளம். சொன்னவருக்குப் பங்கு கொடுத்தவர்கள் மிகக் குறைவு. சட்டமும் அப்போது அப்படிக் கேட்கவில்லை. இந்தியாவில் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் வந்ததே 2002இல்தான். அதே ஆண்டில் ஜோகன்னஸ்பர்க் நகரில் இந்த முயற்சிக்கு ஐக்கிய நாடுகள் சார்ந்த ஒரு பரிசும் கிடைத்தது.

ஆனால் கதை அத்தனை நேராகப் போகவில்லை. பணத்தை யாரிடம் கொடுப்பது? காணிகள் சிறு சிறு ஊர்களில் சிதறி வாழ்கிறார்கள். 1997இல்தான் அவர்களுக்கென்று ஒரு அறக்கட்டளை பதிவானது. 1999இல்தான் 5 லட்சத்துக்குச் சற்று கூடுதலான தொகை அதன் கைக்கு வந்தது. செடியைக் காட்டியவர்கள் ஒரு பகுதிக் காணிகள். மற்றப் பகுதிகளில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. எங்கள் அறிவைத் தனியார் நிறுவனங்களுக்கு விற்காதீர்கள் என்று பிலாத்திகள் சிலர் 1995இல் முதலமைச்சருக்கே எழுதினார்கள். அந்த அறிவு எல்லாருக்கும் பொது. இரண்டு மூன்று பேர் சொன்னால் எல்லாரும் சொன்னதாக ஆகுமா? அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பரிசு வாங்கிய பிறகும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு சிக்கல் இலை. மருந்துக்கு நிறைய இலை வேண்டும். செடியோ காட்டு நிழலில் வளர்ந்தால்தான் குணம் தரும். தோட்டத்தில் வைத்தால் சத்து குறைகிறது. சில காணிக் குடும்பங்கள் தங்கள் இடத்தில் வளர்த்து இலையை விற்றன. கொஞ்ச நாள் வருமானம் வந்தது. பிறகு காட்டிலிருந்து செடிகளைப் பிடுங்கி விற்பதாகப் புகார் எழுந்தது. வனத்துறை தடுத்தது. இலை வரத்து குறைந்தது. மருந்து எதிர்பார்த்த அளவு பெருகவில்லை.

வனத்துறையின் பயத்துக்கும் காரணம் உண்டு. இதே மலையில் வளரும் ஓர் ஆர்க்கிட் பூச்செடிக்கு ட்ரூரி என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரியின் பெயர். மஞ்சள் நிறப் பூ. அழகுக்காக வியாபாரிகள் வாரி எடுத்தார்கள். காட்டில் அதைக் காண்பதே அரிதாகிவிட்டது.

இரண்டாம் நாள்

முதல் நாள் நடை அதிருமலையில் முடியும். சாவடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். கூடாரம் போன்ற தங்குமிடம் உண்டு. சுற்றிலும் யானை வராமல் இருக்க அகழி வெட்டியிருக்கிறார்கள். உள்ளூர் மக்கள் குழு நடத்தும் உணவகத்தில் கஞ்சியும் பயறும் கிடைக்கும். பாயில் படுக்க வேண்டும். இரவில் குளிர் நடுக்கும்.

ஏன் குளிர்கிறது? தரையிலிருந்து 1,000 மீட்டர் மேலே போனால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். உச்சி 1,868 மீட்டர். அப்படியானால் சங்குமுகம் கடற்கரையில் 30 டிகிரி இருக்கும்போது உச்சியில் 19 டிகிரிதான் இருக்கும். காற்று அடித்தால் இன்னும் குறைவாகத் தெரியும்.

காலையில் உச்சிக்குப் புறப்பாடு. முதலில் மூங்கில் புதர்கள். பிறகு அடர்ந்த சோலைக்காடு. பொங்காலைப்பாறையைத் தாண்டியதும் மரங்கள் குட்டையாகிக்கொண்டே வரும். மேலே மண் குறைவு. காற்று அதிகம். உயரமாக வளரும் மரம் அங்கே நிற்காது. தாழ்ந்து படர்வதுதான் பிழைக்கும். இந்த மலைப்பகுதியில் 2,254 வகைச் செடி கொடி மரங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அவற்றில் சுமார் 400 வேறு எங்கும் இல்லாதவை. யுனெஸ்கோ 2016இல் இதை உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்த்தது. பாறைகளில் வரையாடு நின்று பார்க்கும். கடைசியில் வழுக்குப் பாறை. கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும்.

உச்சியில் அகத்தியர் சிலை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் வேறு ஒன்றும் இருந்தது. 1855இல் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கே ஒரு வானிலைக்கூடம் அமைத்தார். திருவிதாங்கூர் மன்னரின் வானாய்வுக்கூடத்துக்கு அவர் இயக்குநர். பூமியின் காந்தத் தன்மை கடல் மட்டத்தில் எப்படி, மலை உச்சியில் எப்படி என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் நோக்கம். திசைகாட்டியின் முள் நாளுக்கு நாள் மிகச் சிறிதளவு அசையும். அந்த அசைவைத் திருவனந்தபுரத்திலும் உச்சியிலும் அளந்து எழுதினார்கள். காட்டை வெட்டி வழி செய்து, கருவிகளைச் சுமந்து மேலே ஏற்றினார்கள். அந்தக் கணக்குகள் 1874இல் புத்தகமாக வந்தன. பிரவுன் பெயர் இன்றும் தெரியும். சுமந்தவர்கள் பெயர் எங்கும் இல்லை. திருவனந்தபுரத்தில் அருங்காட்சியகம் தொடங்கக் காரணமானவரும் இந்தப் பிரவுன்தான்.

வெகு காலம் பெண்களை இந்த உச்சிக்கு விடவில்லை. அகத்தியர் பிரம்மச்சாரி, பெண்கள் பக்கத்தில் போகக் கூடாது என்பது காணிகளின் நம்பிக்கை. பெண்கள் அமைப்புகள் நீதிமன்றம் போயின. பெண் என்பதற்காக அனுமதி மறுக்கக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2018 நவம்பர் 30இல் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி 14இல் அரசு அதிகாரி தன்யா சனல் ஏறினார். அன்று போனைக்காட்டில் காணிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். ஆனால் யாரும் அவரைத் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் பெண்கள் ஏறுகிறார்கள்.

மூன்றாம் நாள்

உச்சியைப் பார்த்துவிட்டு மாலைக்குள் அதிருமலைக்குத் திரும்பிவிட வேண்டும். அங்கே இன்னோர் இரவு. மறுநாள் காலை இறக்கம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். ஒவ்வோர் அடியிலும் உடம்பின் முழு எடை காலில் விழுவதுதான் காரணம். கையில் ஒரு கம்பு இருந்தால் சுமையில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்ளும்.

இறங்கும் வழியில், நிழலான ஓடைக்கரைகளில், ஆரோக்கியப்பச்சை இப்போதும் வளர்கிறது. தெரியாதவர் கண்ணுக்கு அது ஒரு சாதாரணப் பச்சைச் செடி. பறிக்க அனுமதி இல்லை. கேட்டால் வழிகாட்டி காட்டலாம், காட்டாமலும் போகலாம். அது அவர் விருப்பம்.