தண்ணீரைக் கேட்டுக் கட்டு!

ஆறு பேர் வாழும் வீடு. குளியலறை ஒன்றே ஒன்று. கழிப்பறையும் வாஷ்பேசினும் அதற்குள்ளேயே இருக்கின்றன. பள்ளிக்கும் வேலைக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். ஒருவருக்குக் கழிப்பறையில் 5 நிமிடம், பல் துலக்க 5 நிமிடம், குளிக்க 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 20 நிமிடம். ஆறாவது ஆள் வெளியே வரும்போது இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும்! அண்ணன் பல் துலக்கும்போது ஷவர் சும்மா கிடக்கிறது. பாட்டி குளிக்கும்போது வாஷ்பேசின் சும்மா கிடக்கிறது. ஆனால் கதவு சாத்தியிருப்பதால் வேறு யாரும் உள்ளே போக முடியவில்லை.

இந்த அறையை இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டினாலும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. மூன்று வேலைகளுக்கும் தனித்தனி இடம் கொடுத்தால்தான் மிச்சமாகும். அப்போது முதல் ஆள் 20 நிமிடத்தில் தயார். அவர் பின்னாலேயே வருகிறவர்கள் 10 நிமிடத்துக்கு ஒருவராகக் குளித்து முடிப்பார்கள். 20 + 50 = 70 நிமிடம், அவ்வளவுதான். ஜப்பானில் பல வீடுகளில் கழிப்பறை, குளிக்கும் அறை, முகம் கழுவும் இடம் மூன்றும் தனித்தனியாகவே இருக்கும். அதற்கெல்லாம் இடமில்லை என்றால் வாஷ்பேசினை மட்டுமாவது வெளியே கொண்டுவந்துவிடலாம். அதற்கே 120 நிமிடம் 95 ஆகிவிடும். எப்படி என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வரிசை இப்படி வேகமாக நகர்ந்தால் வெந்நீரும் அதே வேகத்தில் வர வேண்டுமே! ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 15 லிட்டர் கீசரில் 25 டிகிரி தண்ணீரை 55 டிகிரிக்குக் கொண்டுபோக 15 × 30 × 4.2 = 1890 கிலோஜூல். 2 கிலோவாட் கீசர் ஒரு நொடிக்கு 2 கிலோஜூல் தரும். ஆக, 945 நொடி, சுமார் 16 நிமிடம் பிடிக்கும். அந்த 15 லிட்டரோடு 15 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கலந்தால் 40 டிகிரியில் இரண்டு பக்கெட் இதமான வெந்நீர். பக்கெட்டில் குளிக்கிற இரண்டு பேருக்கு இது போதும். அவர்கள் குளிக்க 20 நிமிடம் ஆகும். அதற்குள் அடுத்த இரண்டு பேருக்குக் கீசர் தயாராகிவிடும். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 80 லிட்டர் போய்விடும். அப்புறம் வரிசை நகராது.

குளித்ததும் கண்ணாடியில் ஆவி படிகிறது அல்லவா? நீராவியின் மூலக்கூறு, காற்றில் உள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட எடை குறைந்தது. அதனால் ஈரக் காற்று மேலே ஏறும். வென்டிலேட்டரையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் கூரையை ஒட்டி வைப்பது இதனால்தான். ஆனால் மேலே காற்று வெளியேற வேண்டுமானால் கீழே காற்று உள்ளே வர வழி வேண்டும். கதவின் அடியில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கட்டும். இல்லையென்றால் ஃபேன் வெறுமனே சுற்றும். சுவரில் பூஞ்சைக் காளான் கறுப்பாகப் படரும்.

கீசர் சுவிட்சும் ஃபேன் சுவிட்சும் அறைக்கு வெளியே இருப்பதே நல்லது. ஈரக் கையில் மின்சாரம் எளிதாகப் பாயும்.

இனி தரைக்கு வருவோம். பளபளக்கும் டைல்ஸ் குளியலறைக்கு ஆகாது. காலுக்கும் டைலுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் புகுந்துகொண்டால் உராய்வு குறைந்து வழுக்கும். சொரசொரப்பான டைலில் அந்தப் படலம் உடைந்துவிடும். தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது.

அதைவிட முக்கியம் வாட்டம். தண்ணீர் தானாக ஓடிப் போகத் தரையைச் சற்றே சரிவாகப் போடுவதைக் கொத்தனார்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கினால் போதும். இவ்வளவு சிறிய சரிவைக் கண்ணால் பார்த்துப் போட முடியாது. கொத்தனார் என்ன செய்கிறார், பாருங்கள். ஒளி ஊடுருவும் நீளமான டியூப் ஒன்றில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புகிறார். ஒரு முனையை இந்தச் சுவரில் அவர் பிடிக்கிறார். மறுமுனையை எதிர்ச் சுவரில் சித்தாள் பிடிக்கிறார். டியூப் நடுவில் எப்படி வளைந்து கிடந்தாலும் சரி, இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். அங்கே பென்சிலால் கோடு. கதவருகே அந்தக் கோட்டிலிருந்து தரைக்கு 100 சென்டிமீட்டர் வைத்தால், இரண்டு மீட்டர் தள்ளித் தண்ணீர் போகும் துளையருகே 103 வைக்கிறார். துளை கதவிலிருந்து தூரத்தில் இருந்தால் கதவுப் பக்கம் தரை சீக்கிரம் காயும். அடுத்த ஆள் ஈரத்தில் கால் வைக்க வேண்டியதில்லை.

அந்தத் துளையின் சல்லடை மூடியைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். அடைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அது வேண்டுமென்றே நிறுத்திய தண்ணீர். பிளம்பர் அந்தச் சாதனத்தை நஹானி டிராப் என்பார். சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிற்கும் அந்தத் தண்ணீர், கழிவுநீர்க் குழாயின் நாற்றமும் பூச்சிகளும் அறைக்குள் வராமல் தடுக்கிறது. மேலிருந்து வரும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகும்; கீழிருந்து காற்று வர முடியாது. குழாயை வளைத்துத் தண்ணீரை நிறுத்தும் இந்த உத்தியோடு, கடிகாரம் செய்பவரான அலெக்சாண்டர் கம்மிங் 1775-ல் ஒரு கழிப்பறைக்குப் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார்.

இந்தத் தண்ணீர் வற்றிப்போனால்? 2003-ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்குச் சார்ஸ் என்ற தொற்றுநோய் பரவியது. சுகாதாரத் துறையினர் ஆராய்ந்து சொன்ன முக்கியமான காரணங்களில் ஒன்று, குளியலறைத் தரையிலிருந்த டிராப்கள் காய்ந்து கிடந்தது. தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே சுத்தம் செய்ததால் அவற்றில் தண்ணீர் சேரவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வெளியே தள்ளத் தள்ள, கழிவுநீர்க் குழாயிலிருந்த கிருமித் துளிகள் அந்தத் துளை வழியாக அறைக்குள் இழுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அறையை நல்லபடியாக வைத்துக்கொள்ளும் ஃபேனே, காய்ந்த டிராப்போடு சேர்ந்ததும் ஆபத்தானது.

அப்படியானால் உலர்ந்த தரையும் வேண்டும், ஈரமான டிராப்பும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து நல்ல பிளம்பர்களிடம் ஒரு வழி இருக்கிறது. வாஷ்பேசின் தண்ணீர் போகும் குழாயைத் தரைக்கு அடியிலேயே கொண்டுபோய் அதே டிராப்பில் சேர்த்துவிடுவார்கள். யாராவது ஒருவர் வாய் கொப்பளித்தாலே டிராப் நிரம்பிவிடும், தரை நனையாமல். உங்கள் வீட்டில் அப்படி இல்லையென்றால், விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் குளியலறைத் துளையில் வாரம் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால், ஜன்னலைத் திறந்த கையோடு எல்லாத் துளைகளிலும் ஊற்றிவிடுங்கள்.