ரெண்டு முழத் திரைக்கு நாலு நாட்டாமை

பழைய பிக்சர் டியூப் மானிட்டரின் கீழ் விளிம்பில் நாலைந்து பொத்தான்கள் இருக்கும். ஒன்றை அழுத்தினால் படம் பக்கவாட்டில் நகரும். இன்னொன்றில் மேல்பக்கம் குறுகி அடிப்பக்கம் விரியும். மூன்றாவதில் இரண்டு ஓரங்களும் உள்வாங்கும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரவுசிங் சென்டருக்குப் போய் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரே அறையில் எட்டுப் பத்து மானிட்டர்கள், ஒன்றில்கூடப் படம் நேராக நிற்காது. நமக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையன் ஏதாவது நோண்டிவிட்டுப் போயிருப்பான். ஓனர் அண்ணன் வந்து நம் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, நாலு தட்டில் சரிசெய்துவிட்டு, "இனிமே அதத் தொடாத" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பக்கத்தில் ஸ்பீக்கரை ஒட்டி வைத்திருந்தால் அதன் காந்தம் திரையின் மூலையில் ஊதாவும் பச்சையுமாகத் திட்டுப் போடும். அதற்கும் மருந்து உண்டு. டீகாஸ் என்ற பொத்தானை அழுத்தினால் உள்ளே 'டும்' என்று ஒரு சத்தம், படம் முழுக்க ஒரு நடுக்கம், திட்டு போய்விடும். கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது, கை வைத்த இடத்தில் சரியானது. அந்த மானிட்டர்களை நினைத்து ஏங்குகிறவன் இல்லை நான். 17 அங்குல மானிட்டரை மாடிக்குத் தூக்கியவர்கள் யாரும் ஏங்க மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு வசதி உண்மையானது.

கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் கண்ணைக் கெடுத்தது ஒன்றே ஒன்று: ரெஃப்ரெஷ் ரேட். நொடிக்கு 60 முறை வரையப்படும் படம் பிக்சர் டியூபில் துடிக்கும். நேராகப் பார்க்கும்போது தெரியாது, ஓரக்கண்ணில் தெரியும். மாலையில் தலைவலியாக வெளிவரும். 85 ஹெர்ட்ஸ் வைத்தால் படம் அடங்கிவிடும். ஆனால் விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு வேடிக்கை உண்டு. டெஸ்க்டாப்பை 85-இல் வைத்திருந்தாலும், பல கேம்கள் திறந்ததும் சத்தமில்லாமல் 60-க்கு இறங்கிவிடும். அதற்கென்றே சின்னச் சின்ன மென்பொருள்கள் சிடியில் கைமாறின. அளவு மீறி வைத்தால் திரை கறுத்துப்போகும். பதினைந்து நொடி எதையும் தொடாமல் இருந்தால் விண்டோஸ் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும். அந்தப் பதினைந்து நொடியில் எத்தனை பேர் பதறிப்போய் கம்ப்யூட்டரையே அணைத்தார்கள்!

அப்புறம் எல்சிடி வந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ரெசல்யூஷன், ஒரே 60 ஹெர்ட்ஸ், துடிப்பு இல்லை, கோணல் இல்லை, நோண்டவும் ஒன்றும் இல்லை. வேகமாக நகரும் படம் மட்டும் மங்கியது. வெறும் கேம் ஆடுகிறவர்களின் புகார்தானே என்று உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2012-இல் எல்ஜி 29 அங்குலத்தில், 2560-க்கு 1080 புள்ளிகளோடு ஒரு நீளமான மானிட்டரை விட்டது. 21:9 என்ற பெயர் அதோடு பரவியது. 2014-இல் அது 34 அங்குலமாகி 3440-க்கு 1440 ஆனது. 2017-இல் சாம்சங் 49 அங்குலத்தில், இரண்டு மானிட்டரை ஒட்டவைத்த அகலத்தில் ஒன்றைக் கொண்டுவந்தது. 2022-இல் ஏலியன்வேர் அதே 34 அங்குலத்தில், 175 ஹெர்ட்ஸில் ஓஎல்இடி திரையை விற்றது. இன்று அகல மானிட்டர் என்றால் பலருக்கும் மனதில் வருவது அந்த அச்சுதான். என் மேசையில் இருப்பதும் அதே வகை, வேறு கம்பெனி.

திரையின் வளைவைப் பார்த்தால் சிரிப்பு வரும். பிக்சர் டியூப் வெளிப்பக்கம் புடைத்திருந்தது. 'ஃபிளாட்' என்று விளம்பரம் செய்து அந்தப் புடைப்பை நிமிர்த்தினார்கள். இப்போது அதே திரையை உள்பக்கம் வளைத்து, 1800ஆர், 1000ஆர் என்று வளைவின் ஆரத்தை மில்லிமீட்டரில் பெட்டியில் அச்சிட்டு, அதற்கும் காசு வாங்குகிறார்கள். 80 சென்டிமீட்டர் அகலத் திரை தட்டையாக இருந்தால் ஓரங்கள் கண்ணைவிட்டுத் தள்ளிப்போகும் என்பது நியாயமான காரணம்தான். எக்செல்லில் ஒரு நீளக் கோடு போட்டால் முதல் வாரம் அது வளைந்து தெரியும். பிறகு மனம் நிமிர்த்திக்கொள்ளும்.

இனி செட்டிங்ஸ். அன்று மானிட்டர் ஒன்றுதான் பேசியது. இன்று ஒரே படத்துக்கு நாலு நாட்டாமைகள்: மானிட்டருக்கு உள்ளே ஒரு மெனு, விண்டோஸில் ஒரு பக்கம், கிராபிக்ஸ் கார்டு டிரைவரில் ஒரு பக்கம், கேமுக்குள் ஒரு பக்கம். நாலும் ஒரே விஷயத்துக்குத் தீர்ப்புச் சொல்லும். ஒன்று சொன்னதை மற்றொன்று மாற்றும். புது மானிட்டரை மாட்டியதும் விண்டோஸ் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில்தான் உட்காரும். 175 ஹெர்ட்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு 60-இல் ஆடிக்கொண்டிருப்பவர்கள் ஊரில் நிறைய. எக்ஸ்பி காலத்துப் பழைய வியாதிதான் இது. கேபிளும் தன் பங்குக்கு ஒரு வார்த்தை சொல்லும். அந்த 2022 மாடலில் எச்டிஎம்ஐ கேபிள் மாட்டினால் முழு ரெசல்யூஷனில் 100 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். டிஸ்ப்ளேபோர்ட் மாட்டினால் 175 வரும், ஆனால் 8 பிட் நிறத்தில். 10 பிட் நிறம் வேண்டுமென்றால் 144-க்கு இறங்க வேண்டும். கண்ணால் பார்த்து இந்த வித்தியாசத்தைச் சொல்பவர்களை நான் சந்தித்ததில்லை. ஆனால் சரியான தீர்ப்பு எது என்று ராத்திரி முழுக்க வாதாடுகிறவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

எனக்குப் பிடித்த முரண் ஸ்கிரீன்சேவர்தான். ஒரே படம் நெடுநேரம் நின்றால் பிக்சர் டியூபின் பாஸ்பரில் அதன் தடம் பதிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஸ்கிரீன்சேவர் பிறந்தது. 1989-இல் வந்த ஆஃப்டர் டார்க்கில் இறக்கை முளைத்த டோஸ்டர்கள் பறந்தன. நம் ஊர் சென்டர்களில் விண்டோஸின் முப்பரிமாணக் குழாய்கள் திரை முழுக்கக் கிளைவிட்டு ஓடின. எல்சிடி வந்ததும் அந்தத் தேவை ஒழிந்தது, அலங்காரமாக மட்டும் கொஞ்ச நாள் இருந்து ஸ்கிரீன்சேவர் மறைந்தது. இப்போது ஓஎல்இடியில் அதே பயம் திரும்பி வந்திருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, அதிகம் எரிந்தது சீக்கிரம் மங்குகிறது. ஆகவே டாஸ்க்பாரை மறைத்து வை, வால்பேப்பரைக் கறுப்பாக்கு, ஐந்து நிமிடத்தில் திரையை அணையவிடு என்று அறிவுரைகள். திரையே அவ்வப்போது படத்தைச் சில புள்ளிகள் நகர்த்திக்கொள்கிறது. நான்கு மணி நேரம் ஓடினால் 'பிக்சல் ரெஃப்ரெஷ்' செய்ய அனுமதி கேட்கிறது. நாம் எழுந்து போனபின் சில நிமிடம் தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொள்கிறது.

அந்த வைத்தியத்துக்கு மின்சாரம் வேண்டும். நம் வீடுகளிலோ பிளக் பாயின்ட்டுக்கே ஒரு சுவிட்ச் உண்டு, அதை அணைக்காமல் போவது குற்றம். "ஏம்ப்பா, லைட்டு மினுக்கிக்கிட்டே இருக்கு, அணைக்கக் கூடாதா? கரண்ட் பில்லு யார் கட்டுறது?" என்று அம்மா கேட்பார். அணைத்தும்விடுவார். திரை தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது என்று விளக்கினேன். "அப்ப ஆளில்லாதப்பவும் அது ஓடிக்கிட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டு, முன்பைவிட உறுதியாக அணைக்கிறார். கடைசியில் சுவிட்சின் மேல் செலோடேப் ஒட்டினேன். அது இப்போதைக்கு நிற்கிறது.

அகலத்தின் நியாயம் சினிமாவிலிருந்து வருகிறது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த ராஜராஜ சோழன். அந்த நீள்வடிவச் சட்டமும் இந்த மானிட்டரின் வடிவமும் கிட்டத்தட்ட ஒன்றே. பிக்சர் டியூபில் ஸ்கோப் படம் போட்டால் மேலும் கீழும் தடித்த கறுப்புப் பட்டைகள், நடுவில் ஒரு நாடா. அகல மானிட்டரில் முழுத் திரையும் நிறைய வேண்டும். சில ஓடிடி தளங்களில் நிறையவும் செய்கிறது, அப்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யூடியூபில் ஏற்றியிருக்கும் பாதிப் படங்களில் மேல்கீழ்ப் பட்டைகளைப் படத்தோடு சேர்த்தே பதிவு செய்திருப்பார்கள். அது 16:9 சட்டத்துக்குள் நிற்கும். அந்தச் சட்டத்துக்கு இடவலமாக மானிட்டர் தன் பங்குக்கு இரண்டு பட்டை போடும். ஆக நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் ஒரு சின்ன ஸ்கோப் படம். பட்டையை ஒழிக்க வாங்கிய திரையில் பட்டை இரட்டித்தது.

கேம்களிலும் இந்தப் பஞ்சாயத்து உண்டு. அகலம் கூடினால் ஓரத்தில் வரும் எதிரி கூடுதலாகத் தெரிவான், அது போட்டியில் அநியாயம். அதனால் வாலரன்ட் 16:9-க்கு மேல் எதையும் காட்டாது, மீதியைக் கறுப்பாக விட்டுவிடும். எல்டன் ரிங்கில் எதிர்த்து ஆட ஆளே இல்லாத நேரத்திலும் இரண்டு பக்கமும் கறுப்புத்தான், நொடிக்கு 60 படங்களுக்கு மேலும் கிடையாது. அதைவிட வேடிக்கை, கவுன்டர் ஸ்ட்ரைக்கைத் தொழிலாக ஆடுகிறவர்களில் பலர் இன்றும் 1280-க்கு 960 என்ற பழைய 4:3 அளவில் வைத்து, அதைத் திரை முழுக்க இழுத்து ஆடுகிறார்கள். ஆட்கள் கொஞ்சம் பருமனாகத் தெரிவார்களாம், குறி வைக்க வசதியாம். என் அண்ணன் மகன் இந்த மானிட்டரில் உட்கார்ந்ததும் முதலில் செய்தது அதைத்தான். "சித்தப்பா, ஓரத்த எல்லாம் வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தா செத்துருவேன்" என்றான்.

எச்டிஆர் என்ற செட்டிங்கை மட்டும் நான் மன்னிக்கவில்லை. பெட்டியில் 1000 நிட் என்று இருக்கும். அது திரையின் ஒரு சின்னப் பகுதிக்கு மட்டும். முழுத் திரையும் வெள்ளையானால் வெளிச்சம் 250-க்கு இறங்கிவிடும். எச்டிஆரை இயக்கினால் சாதாரண டெஸ்க்டாப் வெளிறிப்போகும். அணைத்தால் கேமில் சூரியன் மங்கிப்போகும். விண்டோஸ், ஆல்ட், பி என்ற மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மாறும் என்பதால், கேமுக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் அழுத்தும் சடங்கு வந்துவிட்டது. பகலில் சென்னை வெயில் ஜன்னல் வழியாக வந்தால் இந்தத் திரையின் புகழ்பெற்ற கறுப்பு ஊதாச் சாம்பலாகத் தெரியும். எழுத்துகளின் விளிம்பில் பச்சையும் இளஞ்சிவப்பும் லேசாக ஒட்டும், ஏனென்றால் இதில் நிறப்புள்ளிகள் வரிசையாக இல்லை, முக்கோணமாக இருக்கின்றன. ட, ப, ம என்று அடியில் கிடைக்கோடு உள்ள எழுத்துகளில் அது இன்னும் துலக்கம். ஆங்கிலம் மட்டும் படிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு.

இத்தனையும் சொல்லிவிட்டு ஏன் வைத்திருக்கிறேன் என்றால், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தைத் திறந்தால் போதும். 1999-இல் வந்த அதே விளையாட்டு, 2019-இல் புதுப்பித்து விட்டது. அன்று 800-க்கு 600-இல் ஊர் மையத்தைச் சுற்றி நாலு வயல்தான் தெரியும், எதிரி வந்து நின்றபிறகுதான் ஈட்டி கண்ணில் படும். இப்போது திரையில் பத்து மடங்கு புள்ளிகள். வயல், காடு, தூரத்துச் சுவர், அதற்கு அப்பால் வருகிறவன், எல்லாம் ஒரே பார்வையில் கிடக்கும்.

இதைப் பார்த்து நண்பர் ஒருவர் மாதக்கணக்கில் விமர்சன வீடியோக்கள் பார்த்துவிட்டு ஒன்று வாங்கினார். அவர் வீட்டில் இருப்பது பிக்சர் டியூப் காலத்துக் கம்ப்யூட்டர் டேபிள்: கீழே இழுக்கும் கீபோர்டுத் தட்டு, மேலே பிரின்டர் வைக்க ஒரு அடுக்கு, இரண்டு பக்கமும் பலகை. பலகைகளுக்கு நடுவே இரண்டடி இடம்தான். மானிட்டர் பெட்டியோடு கூடத்தில் நிற்க, ஆசாரிக்குப் போன் போட்டோம். அவர் வந்து டேபிளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல பலகைங்க, இப்ப கிடைக்காது. டிவியத் திருப்பிக் குடுத்துடுங்களேன்" என்றார்.