உள்ளங்கையில் திருப்பலி



பங்கில் ஒரு புதிய பணியைப் பற்றிப் பேச்சு வந்தால், நாம் முதலில் திறப்பது கணக்கு நோட்டைத்தான். நிதி இல்லை, இடம் இல்லை, ஆள் இல்லை என்பதோடு கூட்டம் முடிந்துவிடும். யோவான் நற்செய்தியில் பிலிப்பும் அப்படித்தான் கணக்குப் போட்டார். இருநூறு தெனாரியத்துக்கு அப்பம் வாங்கினாலும் போதாது. அவருடைய கணக்கில் தவறே இல்லை. ஆனால் ஒரு சிறுவனிடம் இருந்த ஐந்து வாற்கோதுமை அப்பங்கள் அதில் வரவில்லை.

வியட்நாமின் கர்தினால் வான் துவானை இன்று நினைத்துப் பார்ப்போம். 1975 ஏப்ரலில் அவர் சைகோனின் இணைப் பேராயராக நியமிக்கப்பட்டார். சில நாள்களில் நகரம் கம்யூனிஸ்டுகள் வசமானது. ஆகஸ்ட் 15, அன்னை மரியாவின் விண்ணேற்பு விழாவன்று அவரைக் கைது செய்தார்கள். மொத்தம் 13 ஆண்டுகள். அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை.

தொடக்கத்தில் அவர் உடைந்துதான் போனார். பாதியில் விட்ட பணிகளை எண்ணித் தூக்கமின்றித் தவித்தார். அவையெல்லாம் கடவுளின் பணிகள், ஆனால் கடவுள் அல்ல என்ற தெளிவு ஓர் இரவில் பிறந்தது. அதன் பின்தான் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்.

வீட்டுக்காவலில் இருந்தபோது, ஏழு வயதுச் சிறுவன் ஒருவனிடம் பழைய தினசரி காலண்டர்கள் கேட்டார். அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் இரவுதோறும் எழுதினார். சிறுவன் காலையில் எடுத்துப் போக, வீட்டில் உடன்பிறந்தவர்கள் நகல் எடுத்தார்கள். இப்படி 1001 சிறு சிந்தனைகள் ஒரு நூலாயின. சிறு தாளில் நீண்ட மடல் எழுத முடியாது. அதனால்தான் ஒவ்வொன்றும் சில வரிகளில் நிற்கிறது. (மறையுரை எழுதும் நமக்கும் அப்படிச் சிறு தாள் கொடுத்தால் மக்கள் மகிழ்வார்கள்!)

திருப்பலிக்கு என்ன செய்வது? வயிற்று நோய்க்கு மருந்து வேண்டும் என்று வீட்டுக்கு எழுதினார். அவர்கள் புரிந்துகொண்டு, மருந்து என்று பெயர் எழுதிய சிறு புட்டியில் திராட்சை இரசமும், டார்ச் விளக்குக்குள் மறைத்து அப்பமும் அனுப்பினார்கள். உள்ளங்கையில் மூன்று துளி இரசம், ஒரு துளி தண்ணீர். பீடம், கிண்ணம், திருவுடை, புத்தகம் எதுவும் இல்லை. அப்பமும் இரசமும் இருந்தால், குருவானவர் ஆண்டவரின் வார்த்தைகளைச் சொல்லும்போது அது முழுமையான திருப்பலியே. அளவு ஒரு பொருட்டல்ல என்று இறையியலில் நாம் படிக்கிறோம். அவருக்கு அது பாடமாக இல்லை, அன்றாட உணவாக இருந்தது. முகாமில் கைதிகள் சிகரெட் பெட்டித் தாளில் சிறு பைகள் செய்து, அதில் நற்கருணையை வைத்துக்கொண்டார்கள்.

இதைக் கேட்டு, வறுமை நல்லது, சிறை நல்லது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி. பசித்த வீட்டில் போய், இல்லாமைதான் அறிவைத் தீட்டும் என்று பிரசங்கம் செய்வதும் பாவமே. இல்லாமை தானாக எதையும் படைப்பதில்லை. விடுதலை வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு முகாமில் மரத்துண்டைச் சிலுவையாக வெட்டி, சவர்க்காரக் கட்டிக்குள் மறைத்து வைத்தார். வேறொரு சிறையில் சங்கிலிக்காக மின்கம்பி கேட்டார். தற்கொலை செய்யத்தான் கேட்கிறார் என்று காவலர் முதலில் பயந்தார். பிறகு அவரே குறடு கொண்டுவந்து, உடனிருந்து செய்ய உதவினார். 1988-இல் விடுதலையாகி, 2001-இல் கர்தினாலான பின்பும் அவர் மார்பில் தொங்கியது அந்தச் சிலுவைதான்.