டிராக்டரும் டிரெய்லரும்: பாரத்தின் அளவு அறிவோம்

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார். மாட்டு வண்டிக்குச் சொன்ன அந்த அறிவுரை, செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் டிராக்டருக்கும் அதன் பின்னே வரும் டிரெய்லருக்கும் அப்படியே பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய தோட்டமொன்றில், மழை ஓய்ந்த ஒரு பிற்பகலில் குலை ஏற்றிய டிராக்டர் செம்மண் சரிவில் இறங்கியது. பின்னாலிருந்த டிரெய்லர் அதைத் தள்ளிற்று. இரண்டும் மடங்கிக்கொண்டு கால்வாயில் சாய்ந்தன. ஓட்டுநர் உயிர் தப்பினார். ஆனால் கால் எலும்பு முறிந்து ஆறு மாதம் வேலைக்குப் போக இயலவில்லை. அவருடைய மகன் நம் வகுப்பு மாணவன். "எப்பவும் போல 200 குலைதானே சார் அப்பா ஏத்துனாரு?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இன்றைய உரையின் நோக்கம்.

முதலில், டிரெய்லர் எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்ப்போம். அச்சும் டயரும் தாங்கக்கூடிய மொத்த எடையைச் செய்தவர்களே குறித்துத் தருகிறார்கள். அது 4,000 கிலோ என்று கொள்வோம். டிரெய்லரின் சொந்த எடை 1,000 கிலோ. அப்படியானால் ஏற்றத்தக்க பாரம் 3,000 கிலோ மட்டுமே. டிரெய்லரில் இன்னும் இடம் இருக்கிறதே என்று ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. இடம் வேறு, தாங்கும் அளவு வேறு.

அடுத்து, சரிவு. பத்து அடி தூரத்துக்கு ஓர் அடி இறங்கும் சரிவில், 4,000 கிலோ எடையுள்ள டிரெய்லர், ஏறக்குறைய 400 கிலோ எடைக்குச் சமமான விசையோடு டிராக்டரை முன்னே தள்ளும். தோட்டங்களில் ஓடும் பல டிரெய்லர்களுக்குச் சொந்த பிரேக் கிடையாது. இரண்டு வண்டிகளையும் டிராக்டரின் பின் சக்கரங்களே பிடித்து நிறுத்த வேண்டும். மண் நனைந்திருந்தால் அந்தப் பிடியும் தளர்ந்துவிடும். வேகம் இரு மடங்கானால், நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதையும் நினைவில் கொள்க.

மூன்றாவது, கொக்கியின் மேல் விழும் எடை. பாரம் முழுவதும் டிரெய்லரின் பின்பக்கம் குவிந்தால், தராசின் ஒரு தட்டுத் தாழ மறு தட்டு உயர்வதுபோல, முன்பக்கம் மேலெழும்பும். அது டிராக்டரின் பின்பகுதியையும் தூக்கப் பார்க்கும். பின் சக்கரங்கள் தரையில் பிடிப்பை இழக்கும். மாறாக, பாரம் மிகவும் முன்னே குவிந்தால் டிராக்டரின் முன் சக்கரங்கள் இலேசாகி, ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. அமெரிக்காவில் கார்களின் பின்னே தங்கும் வண்டியை இழுத்துச் செல்பவர்கள், அவ்வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் இருக்குமாறு பார்த்துக்கொள்கிறார்கள். நம் டிரெய்லருக்கும் அடிப்படை அதுவே. பாரத்தைச் சமமாகப் பரப்பி, அச்சுக்குச் சற்று முன்னே கூடுதலாக வைக்க வேண்டும். டிராக்டரின் கொக்கி எவ்வளவு தாங்கும் என்பதையும் மீறக் கூடாது.

இவற்றோடு சில பழக்கங்களும் தேவை. சரிவில் இறங்கத் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றிவிட வேண்டும். எண்ணெய் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குவது உயிரைப் பணயம் வைப்பதாகும். கொக்கியின் ஊசியையும் டயரின் காற்றையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவேயுள்ள இரும்புத் தண்டில் எவரையும் உட்காரவிடலாகாது. பிள்ளைகளை ஒருபோதும் கூடாது.

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். நாம் அவனைக் கரும்பலகைக்கு அழைத்தோம். ஒரு குலை 15 கிலோ என்றால் 200 குலைக்கு எவ்வளவு என்று கேட்டோம். 3,000 கிலோ என்றான். சரியான பாரம். ஆனால் அன்று அவன் தந்தை ஏற்றியது முதிர்ந்த மரங்கள் நிற்கும் பகுதியிலிருந்து. முதிர்ந்த மரத்தின் குலை கனம் மிகுந்தது. ஒரு குலை 25 கிலோ என்று வைத்துப் பெருக்கச் சொன்னோம். 5,000 என்று எழுதினான். சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அப்பா எண்ணித்தான் சார் ஏத்துனாரு. நிறுத்துப் பாக்கல," என்றான்.

நேயர்களே, அந்தச் சிறுவன் சொன்னதையே நாமும் மனத்தில் கொள்வோம். புதிய பகுதியில் குலை ஏற்றும்போது, நான்கைந்து குலைகளை நிறுத்துப் பார்த்துச் சராசரி காண ஐந்து நிமிடம் போதும். அதற்கேற்ப எண்ணிக்கையைக் குறைத்தால், இன்னொரு நடை கூடும்; அவ்வளவுதான். மாலையில் ஓட்டுநர் தம் கால்களால் நடந்து வீடு வந்து சேருவார்.