ஈட்டிக் காலும் சம்மட்டிக் காலும்

கும்பிடுபூச்சி இறால் பெயருக்குத்தான் இறால். இறாலும் நண்டும் டெக்காபோடா வரிசையைச் சேர்ந்தவை. இதன் வரிசை ஸ்டொமாட்டோபோடா. இரண்டுமே ஓட்டுடலிகள்தாம். ஆனால், ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கிளை பிரிந்துவிட்டன. இன்று 450க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை வெப்பக் கடல்களில் வாழ்கின்றன. இந்தியக் கரைகளில் இழுவை மடிகளில் அதிகம் சிக்குவது மியாக்கெல்லா நேபா.

முதுகோடு தலையையும் மார்பின் முன்பகுதியையும் மட்டுமே மூடுகிறது. பின்னாலுள்ள கணுக்கள் திறந்து கிடப்பதால், குறுகிய வளைக்குள்ளும் உடலை மடித்துத் திரும்ப முடிகிறது. செவுள்கள் இறாலுக்கு இருப்பதுபோல் ஓட்டுக்கடியில் இல்லை. வயிற்றுப்புற நீந்துகால்களில் இருக்கின்றன. மார்பில் உள்ள எட்டு இணைக் கால்களில் கடைசி மூன்றுதான் நடப்பதற்கு. முன் ஐந்தும் இரையைப் பிடிக்கவும் கையாளவும் பயன்படுபவை.

அவற்றில் இரண்டாம் இணையே ஆயுதம். பேனாக்கத்தி போல மடிந்திருக்கும் இதன் கடைக்கணு முள்வரிசை கொண்டதானால், மணலிலோ சேற்றிலோ பதுங்கியிருந்து மீனைக் குத்திப் பிடிக்கும் ஈட்டி இனம். அதன் அடிப்பகுதி பருத்துக் கெட்டியானால், பவளப் பாறை இடுக்கில் வாழ்ந்து நத்தை, நண்டுகளின் ஓட்டை உடைக்கும் சம்மட்டி இனம். மயில் நிறங்கொண்ட ஓடன்டோடாக்டைலஸ் சில்லாரஸ் வினாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் அடிப்பதை ஷீலா படேக் குழுவினர் 2004இல் பதிவுசெய்தனர். தசை மட்டும் இவ்வளவு வேகம் தர முடியாது. தசை மெல்ல இழுத்துச் சேர்க்கும் விசையைச் சேணவடிவ ஓட்டுத்துண்டு ஒன்று வில்லாகத் தாங்கி நிற்க, கொக்கி விலகியதும் கால் பாய்கிறது. அந்த வேகத்தில் நீரில் தோன்றும் குமிழ்கள் வெடிப்பது இரைக்கு இரண்டாம் அடி.

கண்களைப் பற்றி மிகையான பேச்சு அதிகம். பல இனங்களில் கண்ணின் நடுவே ஆறு வரிசைப் பட்டை ஓடுகிறது. ஒளியுணர் செல்கள் 12 வகைக்கு மேல். ஆனாலும், நெருங்கிய நிறங்களைப் பிரித்தறிவதில் மனிதரைவிடப் பின்தங்கியவை என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. வட்டமாக முனைவுற்ற ஒளியைக் காண்பதுதான் சில இனங்களின் உண்மையான தனித்திறன்.

வகைப்பாட்டில் நிறத்தை நம்ப முடியாது. ஒரே இனத்துக்குள்ளும் அது மாறும். வால்தட்டின் வரம்புகளும் பற்களுமே முதன்மைச் சான்று. கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத் திரட்டை வைத்து ஸ்டான்லி கெம்ப் 1913இல் விரிவான நூல் எழுதியபோது, எல்லா இனங்களும் ஸ்குவில்லிடே என்னும் ஒரே குடும்பத்தில் இருந்தன. 1968இல் ரேமண்ட் மேனிங் அதை நான்காகப் பிரித்தார். இப்போது ஏழு பெருங்குடும்பங்கள். சம்மட்டி இனங்கள் கோனோடாக்டைலாய்டியாவில் அடங்கும். ஸ்குவில்லாய்டியாவும் லைசியோஸ்குவில்லாய்டியாவும் ஈட்டி இனங்கள். ஆனால், முன்னதன் கண்பட்டையில் இரண்டே வரிசை, பின்னதில் ஆறு. ஆழ்கடல்வாசிகளுக்குப் பாதிஸ்குவில்லாய்டியா.