தீயைப் பேசுவோரும் தீயில் மீண்டோரும்

ஒவ்வொரு ஆண்டும் யூன் மாதம் வந்ததும் நாம் தீயைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதை, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதை நினைவுகூர்கிறோம். கவிதை வாசிக்கிறோம். பேசவேண்டியதுதான், நானும் அத்தகைய கூட்டங்களில் பேசியவன்தான். ஆனால் ஒஸ்லோவில் நடந்த அப்படியொரு கூட்டத்தின் முடிவில், தேநீர் மேசையருகே நின்ற ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்விதான் இக்கட்டுரையை எழுத வைத்திருக்கிறது.

"சேர், எரிஞ்ச புத்தகங்களுக்காக எல்லாரும் இவ்வளவு நேரம் கவலைப்பட்டுக் கதைச்சியள். என்னோட கதைக்கேக்குள்ள மட்டும் ஏன் நிலத்தைப் பாக்கிறியள்?"

அவர் மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் தன் குசினியில் எரிகாயப்பட்டவர். முகத்தின் இடப்பக்கம், கழுத்து, இரண்டு கைகள். நானோ ஊரில் இரசாயனவியல் விரிவுரையாளராக இருந்தவன். இங்கு வந்த நாளிலிருந்து ஒரு பாண் தொழிற்சாலையில் போறணைக்கு முன்னால் நிற்பவன். இரண்டு தொழிலிலும் தீ எனக்குப் பழக்கமான பொருள். இருந்தும் அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது பதில் இருக்கவில்லை. பிந்திய பதில் இது. நடந்ததை எழுத அவர் சம்மதித்திருக்கிறார்.

'கவனக்குறைவு' என்ற தீர்ப்பு

நடந்தது இதுதான். மகளின் பிறந்தநாளுக்கு வடை சுட எண்ணெய்த் தாச்சியை அடுப்பில் வைத்திருக்கிறார். தொலைபேசி அடித்திருக்கிறது. திரும்பி வந்தபோது தாச்சியில் தீ. கைக்கு எட்டியது தண்ணீர். ஊற்றிவிட்டார்.

செய்தி பரவிய அன்றே எமது சமூகம் தீர்ப்பையும் எழுதிவிட்டது: "கவனமில்லாமல் நிண்டிட்டா." நானும் அந்தத் தீர்ப்பை மறுக்கவில்லை. பௌதிகமும் இரசாயனமும் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

சமையல் எண்ணெய் தொடர்ந்து சூடாகி ஏறத்தாழ 350 பாகை செல்சியசைத் தாண்டும்போது, வெளித் தீப்பொறி எதுவும் இன்றியே தானாகப் பற்றிக்கொள்ளும். அதற்கு முன்பே அது புகைக்கத் தொடங்கிவிடும். புகைதான் எண்ணெய் தரும் எச்சரிக்கை. பற்றிய எண்ணெயில் ஊற்றிய தண்ணீர், எண்ணெயைவிட அடர்த்தி கூடியதாகையால் அடிக்குப் போகிறது. அங்கே ஒரு கணத்தில் நீராவியாகிறது. ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 1,700 லீற்றர் நீராவியாக விரியும். விரியும் ஆவி எரிகிற எண்ணெயைத் துளித்துளியாக மேலே வீசுகிறது. ஒவ்வொரு துளியும் காற்றோடு கலந்து எரிகிறது. தாச்சியில் இருந்த தீ கூரை வரைக்கும் எழும்புவது இப்படித்தான்.

செய்யவேண்டியது மிகச் சிறியது. அடுப்பை நிறுத்த வேண்டும். பொருத்தமான ஒரு மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூட வேண்டும். தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. முற்றாக ஆறும்வரை மூடியைத் திறக்கக்கூடாது. மூட முடியாவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறி, நோர்வேயில் என்றால் 110க்கு அழைக்க வேண்டும்.

இதை நான் ஆண்டுக்கணக்காகக் கற்பித்திருக்கிறேன். பரீட்சைக்குக் கேள்வியாகவும் கொடுத்திருக்கிறேன். என் வீட்டுக் குசினியில் ஒருவருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தப் பெண் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்ட அன்றிரவு எங்கள் வீட்டுப் புகை எச்சரிப்புக் கருவியைத் தேடினேன். லாச்சிக்குள் கிடந்தது. கறி தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று நானே கழற்றி, அதன் பற்றரியை மகனின் விளையாட்டுச் சாமானுக்குப் போட்டிருந்தேன். கவனக்குறைவு யாருடையது?

நோர்வேயில் 1990 முதல் எல்லா வீடுகளிலும் புகை எச்சரிப்புக் கருவி இருக்கவேண்டும் என்பது சட்டம். பிரான்சில் அது 2015இல்தான் கட்டாயமானது. சட்டம் எமது குசினியை நினைத்து எழுதப்படவில்லை என்று நண்பர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் தீர்வு உண்டு: குசினிக்குள் புகைக்கல்ல, வெப்பத்துக்கு மட்டும் கத்தும் கருவியை மாட்டலாம், புகைக் கருவியைப் படுக்கையறைகளுக்கு வெளியே நடையில் மாட்டலாம். கழற்றுவதற்குப் பதிலாக இடம் மாற்றுவதுதான் வழி. இங்கே டிசம்பர் 1ஆம் திகதியைப் பற்றரி மாற்றும் நாளாகவே வைத்திருக்கிறார்கள்.

விளக்கை மாற்றியவர்

'கவனமாக இரு' என்று மனிதரைக் கண்டிப்பது சுலபம். பொருளை மாற்றுவது கடினம். இதற்கு எங்கள் தீவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

மின்சாரமில்லாத வீடுகளில் மருந்துப் போத்தலிலோ பழைய குடிபானப் போத்தலிலோ மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்குகள் இருந்தன. தட்டினால் சாயும், சாய்ந்தால் உருளும், திரி கழன்று விழும், மெல்லிய கண்ணாடி உடையும். எரிகாயங்களோடு வந்தவர்களைத் தொடர்ந்து கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, அவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. குட்டையான, பாரமான, தடித்த கண்ணாடியாலான ஒரு விளக்கை வடிவமைத்தார். இரண்டு பக்கம் தட்டையாக இருப்பதால் சாய்ந்தாலும் உருளாது. திருகு மூடி இருப்பதால் எண்ணெய் கொட்டாது. 1998இல் இதற்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இவ்வளவு எளிய பொருளுக்கு ஏன் அதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது சிந்திக்கவேண்டிய கேள்வி. எரிந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள் என்பதே என் பதில்.

1990இன் பின்னர் குடாநாட்டில் மின்சாரம் நின்று, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிய பொருளானபோது நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். போத்தலின் அடியில் பஞ்சு, அதில் ஊறும் அளவுக்கு மாத்திரம் எண்ணெய், சுடர் போத்தலுக்குள்ளேயே. சிக்கனத்துக்காகச் செய்யப்பட்டது அது. ஆனால் பஞ்சில் ஊறிய எண்ணெய் சாய்ந்தாலும் இலகுவில் ஓடாது என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். இல்லாமை தற்செயலாகத் தந்த பாதுகாப்பு! அதேவேளை பெற்றோல் இருந்த கலனில் மண்ணெண்ணெயை விட்டால் ஆபத்து இரட்டிப்பானது. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற அதை 38 பாகைக்கு மேல் சூடாக்க வேண்டும். பெற்றோலுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையே போதும். கொஞ்சப் பெற்றோல் கலந்தாலும் விளக்கு வெடிகுண்டாகலாம்.

தோல் என்பது

எரிகாயத்தின் அளவை வைத்தியர்கள் உடலின் வீதமாகக் கணக்கிடுகிறார்கள். வளர்ந்த ஒருவருக்குத் தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18. விரல்களோடு சேர்ந்த ஓர் உள்ளங்கை ஏறத்தாழ 1 வீதம்.

முதலுதவி ஓடும் குளிர்ந்த நீர்தான், 20 நிமிடங்கள். போறணைத் தட்டம் என் முழங்கையில் பட்ட நாளில் உடன் வேலை செய்த நோர்வீஜியர் என்னைக் குழாயடியில் பிடித்து நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் பற்பசை தேடிக்கொண்டிருந்தேன்! பற்பசை, நெய், முட்டை வெள்ளைக்கரு, பனிக்கட்டி எதுவும் கூடாது. வீக்கம் தொடங்குமுன் மோதிரம், காப்புகளைக் கழற்ற வேண்டும். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்கக்கூடாது. பெருங்காயமென்றால் உடல் குளிர்ந்து போகாமலும் பார்க்க வேண்டும்.

நோர்வேயில் கடும் எரிகாயங்களுக்கான தேசிய நிலையம் பேர்கனில் இருக்கிறது. ஒஸ்லோவிலிருந்து அவரை அங்கே கொண்டுபோனார்கள். முதல் இரண்டு கிழமை எம்மவர்கள் குடும்பத்துக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள், பணம் சேர்த்தார்கள். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் எரிகாயம் இரண்டு கிழமையில் முடிகிற விடயமல்ல. தழும்பு முதிர ஒன்றிரண்டு ஆண்டுகளாகும். அதுவரை அது தடிக்கும், இறுகும், கடிக்கும், மூட்டுகளை மடக்கி இழுக்கும். நாளுக்கு 23 மணித்தியாலம் இறுக்கமான அழுத்த ஆடை அணியவேண்டும். விரல்களைத் தினமும் வலிக்க வலிக்க நீட்டி மடக்க வேண்டும். அந்தக் காலத்தில்தான் வீட்டுக்கு வருபவர்கள் குறைந்தார்கள். பின்னர் கலியாண வீட்டுக்கு அழைப்பு வந்தது. ஆலாத்தி எடுக்க மட்டும் வேறு ஆள் பார்த்தார்கள்.

முறைத்துப் பார்க்காத ஊர்

இரண்டாம் உலகப்போரில் விமானங்களுக்குள் எரிந்த வானோடிகள் இங்கிலாந்தின் ஈஸ்ற் கிறின்ஸ்ரெட் என்ற சிறு நகரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஆர்ச்சிபோல்ட் மக்இன்டோ நியூசிலாந்துக்காரர். கடலில் விழுந்த வானோடிகளின் காயங்கள் நன்றாக ஆறுவதைக் கவனித்து உப்புநீர்க் குளியலைச் சிகிச்சையாக்கியவர். ஆனால் அவர் நகரத்து மக்களிடம் வைத்த வேண்டுகோளே எனக்கு முக்கியமாகப்படுகிறது: இவர்களை வீட்டுக்கு அழையுங்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். மக்கள் அழைத்தார்கள். 'முறைத்துப் பார்க்காத ஊர்' என்ற பெயரே அந்நகரத்துக்கு வந்தது.

1941இல் நோயாளிகள் 'கினிப்பன்றிக் கழகம்' என்றொரு சங்கத்தைத் தொடங்கினார்கள்; தங்கள் மீது புதிய சிகிச்சைகள் பரிசோதிக்கப்பட்டதைப் பகிடி பண்ணிய பெயர். விரல்கள் எரிந்தவரைச் செயலாளராக்கினார்கள், நீண்ட அறிக்கை எழுதமாட்டார் என்று. கால்கள் எரிந்தவரைப் பொருளாளராக்கினார்கள், காசோடு ஓடமாட்டார் என்று! போர் முடிந்தபோது 649 உறுப்பினர்கள் இருந்தார்கள்.

இதில் ஒரு விமர்சனமும் வேண்டும். அவர்கள் ஆண்கள், படையினர், வென்ற நாட்டின் வீரர்கள். அவர்களின் தழும்பு பதக்கமாயிற்று. வடை சுடும்போது எரிந்த பெண்ணுக்கு எந்தச் சமூகம் பதக்கம் கொடுக்கும்? எங்களிடமும் அதே கணக்குத்தான். தீயில் இறந்தவர் கவிதைக்குள் வருகிறார். தீயிலிருந்து மீண்டவர் பின்வரிசையில் நீளச் சட்டைக் கையோடு இருக்கிறார். கற்பை நிரூபிக்கச் சீதையைத் தீயில் இறக்கிய கதையைக் கண்டித்து இச்சஞ்சிகைகளில் எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறோம். காயமின்றி வெளியே வந்த சீதையை மட்டுமே எமக்குத் தெரியும்.

என்ன செய்யலாம்?

உதவியை முதல் கிழமையில் கொட்டித் தீர்க்காமல் மூன்றாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் பங்கிட்டு வைக்கலாம். விரல் பயிற்சிக்குக் கூட்டிப்போக முறைபோட்டுக் கார் ஓடலாம். மொழி தெரிந்தவர் கூடப் போகலாம். குழந்தை "என்ன நடந்தது?" என்று கேட்டால் அதன் வாயைப் பொத்தாமல், பதிலை அவரிடமே விடலாம், குழந்தைகளின் கேள்வி நோவதில்லை என்கிறார் அவர். பெரியவர்கள் விசாரணை நடத்தவேண்டாம். சில வீடுகளில் 'அடுப்பு வெடித்தது' என்பதற்குப் பின்னால் ஒரு கை இருக்கும். அங்கே தேவைப்படுவது சாட்சி கேட்பதல்ல, வெளியேற ஒரு வழி.

எல்லாவற்றுக்கும் முதலில், முகத்தைப் பார்க்கவேண்டும். மரியாதைக்காகத்தான் பார்வையைத் தாழ்த்துகிறோம் என்று நாம் எண்ணுகிறோம். தாழ்த்தப்பட்ட பார்வையும் ஒரு முறைப்புத்தான். அவருடைய கேள்விக்கு என் பதில் இவ்வளவே: பார்க்கப் பயந்தோம் தங்கச்சி, அந்தப் பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் ஒரு பற்றரி குடாநாட்டில் கடத்தற்பொருள். இங்கே அது கடையில் தொங்குகிறது. இதை வாசித்து முடித்ததும் ஒரு கதிரையில் ஏறி உங்கள் வீட்டுக் கருவியின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மறுப்புகள் இருந்தால் அதன் பின்னர் எழுதுங்கள்.